உளுந்து வயலில் விழுந்த விமானம்: ஒரு நிகழ்வு ஆய்வு

போன பங்குனி மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொன்றரை மணி. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே நாங்கள் மாதிரி விமானம் பறக்கவிடும் தரிசில், குழுவின் பயிற்சி விமானம் ஐம்பது மீட்டர் உயரத்தில் இடப்பக்கம் வளைந்துகொண்டிருந்தது. வளைந்தது நிமிரவில்லை. மோட்டார் சத்தம் சட்டென்று நின்றது. ரிமோட்டைப் பிடித்திருந்த கல்லூரித் தம்பி, "அண்ணே, கேக்க மாட்டேங்குது அண்ணே!" என்று கத்தினான். இரண்டு சுற்று சுழன்று, பக்கத்து உளுந்து வயலில் மூக்குக் குத்தி விழுந்தது. யாருக்கும் அடியில்லை.

அரை நிமிடத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது: "சிக்னல் போச்சு." ஒருவர் தூரத்து செல்போன் டவரைக் காட்டினார். இன்னொருவர் போர்செட்டுக்குப் போகும் மின்கம்பியைக் காட்டினார். எங்கள் நோட்டில் இதற்கு முன்னும் மூன்று விபத்துகளுக்கு எதிரே இதே "சிக்னல்" என்ற ஒற்றைச் சொல்தான் எழுதியிருந்தது. நான்காவதையும் அப்படியே எழுத எனக்கு மனசு வரவில்லை. விழுந்த விமானத்தைக் கையால் தொடுவதற்கு முன் பத்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்ததையும், அதற்கப்புறம் இரண்டு வாரம் பட்டறையில் செய்து பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

இடம், பொழுது, விமானம்

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, திருச்சியில் விமான நிலையம். 2021 ட்ரோன் விதிகளின்படி ஆளில்லாமல் ரிமோட்டில் பறக்கும் எதுவும் அந்தக் கணக்கில்தான் வரும். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 12 கிலோமீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு, தடையில்லாத பகுதியான பச்சை மண்டலத்தில்கூட 400 அடிக்கு மேல் அனுமதி வாங்காமல் போகக்கூடாது. அதனால்தான் வரைபடத்தைப் பார்த்து இவ்வளவு தள்ளி வந்தோம். நிலம் எங்கள் குழுவில் ஒருவருடைய மாமாவுடையது. தாளடி நெல் நிற்கும்போதே உளுந்து தெளிக்காமல், அறுத்ததும் ஆறு மாவை, அதாவது இரண்டு ஏக்கரை, ஆனி மாதம் ஆற்றில் தண்ணீர் வரும்வரை எங்களுக்கு விட்டுவைப்பார்.

டெல்டாக் களிமண் வெயில் ஏற ஏற வெடிக்கும். சக்கரம் வெடிப்பில் சிக்குவதால் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கையால்தான் எறிந்து ஏற்றுகிறோம். திருகாணி ஒன்று தவறி விழுந்தால் வெடிப்புக்குள் போனது போனதுதான். எதைக் கழற்றினாலும் கீழே ஒரு சாக்கு விரித்திருக்கும்.

வழக்கமாக ஆறரைக்கு ஆரம்பித்து எட்டரைக்கு முடித்துவிடுவோம். அன்றைக்குப் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் சிலரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தோம். அவர்கள் வந்து சேரப் பத்து மணிக்கு மேல் ஆகிவிட்டது. விழுந்தது நான்காவது பறத்தலில், ஏறி மூன்றரை நிமிடம் கழித்து.

விமானம் சாதாரணமானது. இறக்கை உடம்புக்கு மேலே, இறக்கை நீளம் 1.4 மீட்டர், எடை பேட்டரியோடு 1,150 கிராம், முழுக்க ஃபோம். 2212 அளவு மோட்டார், பத்து அங்குல பிராப் (முன்விசிறி), 30 ஆம்ப் ஈஎஸ்சி, மூன்று செல் 2200 எம்ஏஎச் லைப்போ (லித்தியம் பேட்டரி), ரிமோட் சொல்வதை வாங்கும் ஆறு சேனல் ரிசீவர், இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சின்ன மோட்டார்களான நான்கு சர்வோ. இதற்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். ஈஎஸ்சி என்பது பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவே உட்கார்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் சின்னப் பலகை. அதற்குள்ளேயே பெக் என்று ஒரு பகுதி உண்டு. பேட்டரியின் 11, 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும், ஈஎஸ்சியின் சொந்த மூளைச் சிப்புக்கும் கொடுப்பது அதன் வேலை. இந்தக் கதையே அந்தப் பெக்கைப் பற்றியதுதான்.

ஆயா கேட்டது

உளுந்து காய் முற்றி அறுவடைக்கு நின்றது. செடி மிதிபடாமல் ஒரே வரிசையாக, ஒருவர் கால் வைத்த இடத்தில் அடுத்தவர் வைத்துப் போனோம். வரப்பில் ஒரு ஆயா ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். விமானம் அவருக்குப் பதினைந்து அடி தள்ளித்தான் விழுந்திருந்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் பயப்படவே இல்லை.

"விழறதுக்கு முன்னாடியே பாட்டுப் பாடுச்சுப்பா அது. மொதல்ல ஒரு தினுசா இழுத்துப் பாடுச்சு. அப்பறம் படபடன்னு அடிச்சுக்கிட்டே வந்து விழுந்துச்சு. இன்னும் அடிச்சுக்கிட்டுதான் கெடக்கு பாரு."

பக்கத்தில் போனபோது எங்களுக்கும் கேட்டது. நசுங்கிய மூக்குக்குள்ளிருந்து இடைவிடாமல் பீப், பீப், பீப். ரிசீவர் விளக்கு அணையாமல் சீராக எரிந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஈஎஸ்சிக்குத் தனியாக ஸ்பீக்கர் கிடையாது. மோட்டாரின் சுருளையே அதிரவைத்துத்தான் ஒலி எழுப்பும். அது இழுத்துப் பாடுவது ஒரே ஒரு சமயத்தில்தான்: புதிதாக மின்சாரம் கொடுக்கும்போது. அதன்பின் ரிமோட்டில் மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திராட்டில் குச்சி கீழே இல்லையென்றால் மோட்டாரை ஓட்ட மறுத்து வேகமாக பீப் அடிக்கும். தம்பி பதற்றத்தில் குச்சியைப் பாதிக்கு மேலே தள்ளிப் பிடித்திருந்தான். விழுந்த பிறகும் விடவில்லை.

சிக்னல் போனால் இப்படி நடக்காது. ரிசீவர் உயிரோடிருந்து ரிமோட்டை மட்டும் தொலைத்திருந்தால், ஃபெயில்சேஃப்படி, அதாவது சிக்னல் போனால் செய்ய வேண்டியது என்று முன்பே ரிசீவரில் வைத்த ஏற்பாட்டின்படி, மோட்டார் நிற்கும், அவ்வளவுதான். ஈஎஸ்சி முதலிலிருந்து பாடத் தொடங்காது. பாடியது என்றால் அதற்கு வந்த மின்சாரமே ஒருமுறை நின்று, காற்றில் இருக்கும்போதே திரும்பி வந்திருக்கிறது. ஆயா சொன்ன அந்த வரிசை, முதலில் இழுப்பு, அப்புறம் படபட, எங்களில் யாரும் சொல்லியிருக்க முடியாத சாட்சியம். நாங்கள் எண்பது மீட்டர் தள்ளி நின்றோம், எங்களுக்கு எதுவும் கேட்கவில்லை.

ஒரு பிள்ளை செல்போனில் எடுத்திருந்த வீடியோவும் இதையே காட்டியது. மோட்டார் நின்றதிலிருந்து தரை தொட ஆறு நொடி. முதல் நான்கு நொடியும் வால் அசையவே இல்லை. கடைசி நொடியில் எலிவேட்டர், அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடிப்பு, சட்டென்று மேலே துடித்தது. தம்பி ஆறு நொடியும் குச்சியை இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். உயிர் திரும்பியதும் வால் கேட்டது, ஆனால் நிமிர உயரம் மிச்சமில்லை. தப்பு அவன் கையில் இல்லை என்பதை அங்கேயே அவனிடம் சொன்னோம். அவன் முகம் அதுவரை இருந்த இருப்புக்கு அதைச் சொல்வது அவசியமாக இருந்தது.

பிறகு பேட்டரியைக் கழற்றினோம். ஒரு மூலை நசுங்கியிருந்தது. அடிபட்ட லைப்போ உடனே தீப்பிடிக்காமல் அரை மணி கழித்தும் பிடிக்கும். சுற்றிலும் காய்ந்த தாள், நூறடியில் வைக்கோல் போர். வெறும் மண்ணில் வைத்து, மணல் வாளியோடு ஒருவரை முக்கால் மணி நேரம் உட்காரவைத்தோம். அப்புறம் அதைக் கார் பல்பில் எரித்து முழுக்கக் காலியாக்கி ஒதுக்கிவிட்டோம்.

சந்தேகப் பட்டியலைக் குறைத்தது

மின்சாரம் நின்றது என்றால் மூன்று இடத்தில் நின்றிருக்கலாம்: பேட்டரி, இணைப்பு, பெக்.

பேட்டரியைத் தள்ளுவது சுலபமாக இருந்தது. காலியாக்குவதற்கு முன் அளந்தபோது மூன்று செல்லும் 3.86, 3.85, 3.86 வோல்ட். பாதிக்குச் சற்று மேலே இருப்பு. பேட்டரி இறங்கியிருந்தாலும் ஈஎஸ்சி முதலில் மோட்டாரைத்தான் நிறுத்தும், சர்வோக்களுக்குக் கடைசிவரை கொடுத்துக்கொண்டிருக்கும். இங்கே வாலும் சேர்ந்து செத்தது.

இணைப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. பேட்டரிப் பிளக் ஒரு கணம் விட்டுப் பிடித்திருந்தாலும் இதே பாட்டு, இதே அறிகுறி. பிளக்கின் பின்கள் தளரவில்லை, கருகலும் இல்லை. எங்கள் குழுவில் மிக்சி, டிவி பழுது பார்க்கும் அண்ணன் ஒருவர் உண்டு. அவர் சுருங்கு குழாயை அறுத்து ஒவ்வொரு சாலிடரையும் லென்ஸில் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். மீட்டரை மாட்டிக்கொண்டு ஒயரை எல்லாத் திசையிலும் வளைத்துக் குலுக்கினோம். முள் அசையவில்லை. ஆனால் குலுக்கலில் விடாதது காற்றில் விடாது என்று யார் சொல்வது? மீதமிருந்த பெக்கை நாமே பழுதாக்கிக் காட்டினால் ஒழிய இந்தச் சந்தேகம் போகாது என்று அண்ணன் சொன்னார். சரி, செய்து பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

பெக் ஏன் சூடானது

ஈஎஸ்சியின் மேல் உறை ஒரு பக்கம் பழுப்பேறியிருந்தது. மோட்டாருக்கான பகுதி இருக்கும் பக்கமில்லை, பெக் இருக்கும் பக்கம். பழுப்புக்குக் காரணம் தேடியபோது, மூன்று மாதத்தில் அந்த விமானத்தில் நாங்களே செய்த மூன்று மாற்றங்கள் வரிசையாக வந்து நின்றன.

முதலாவது, தை மாதம். ஒரு முரட்டு இறக்கத்தில் பிளாஸ்டிக் பல் சர்வோக்கள் பல் உடைந்ததால், நான்கையும் உலோகப் பல் வைத்தவையாக மாற்றினோம். வலு கூடியது, அதோடு இழுக்கும் மின்சாரமும் கூடியது. ஈஎஸ்சியோடு வந்த தாளில் மூன்று செல் பேட்டரிக்கு நான்கு சர்வோ போடலாம் என்று இருந்தது. நான்குதானே என்று விட்டுவிட்டோம். அந்தக் கணக்கு தடையில்லாமல் அசையும் சின்ன சர்வோக்களுக்கு.

இரண்டாவது, மாசி. உடம்பு பிளந்ததை ஹாட் குளூ போட்டு ஒட்டியபோது சர்வோவிலிருந்து எலிவேட்டரைத் தள்ளும் கம்பி (புஷ்ராட்) போகும் குழாய் கொஞ்சம் வளைந்துவிட்டது. கம்பி இறுக்கமாக உரசியது. சர்வோ தான் போகவேண்டிய இடத்துக்குப் போய்ச்சேர முடியாமல் எப்போதும் தள்ளிக்கொண்டே இருந்தது. குச்சி நடுவில் இருக்கும்போதும் "ங்ங்" என்று ஒரு முனகல். அன்று காலையிலும் அந்த முனகல் கேட்டது. நான் கேட்டேன். புது சர்வோ இப்படித்தான் முனகும் என்று நினைத்தேன்.

மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. அறுவடை மெஷின் ஓடிய வயலில் சுனை (நெல்லின் அரிப்புத் தூசி) எப்படிப் பறக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். உடம்பில் பட்டால் அரிப்பு, விமானத்துக்குள் போனால் மோட்டார் முழுக்க அப்பிக்கொள்ளும். பக்கத்து நிலத்தில் மெஷின் இறங்கிய வாரம், மூக்குக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரத்தைச் சுனை போகாமல் டேப் போட்டு அடைத்தோம். மெஷின் போய்விட்டது. டேப் போகவில்லை.

இனி கணக்கு. இந்த வகை ஈஎஸ்சியில் இருப்பது லீனியர் பெக். வேண்டாத வோல்ட்டை வெப்பமாக எரித்துத்தான் 5 வோல்ட் கொடுக்கும். பறக்கும்போது பேட்டரி 11.4 வோல்ட் என்றால், 5 போக 6.4 வோல்ட் வீண். சர்வோக்கள் 1.4 ஆம்ப் இழுத்தால், 6.4 பெருக்கல் 1.4, ஒன்பது வாட்டுக்குப் பக்கம். நகத்தளவு சிப்புகளில் ஒன்பது வாட். சாலிடரிங் அயர்ன் 25 வாட் என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சூடு புரியும். உறையில் "5 வோல்ட், 2 ஆம்ப்" என்று எழுதியிருப்பது பொய்யில்லை, ஆனால் காற்று ஓடினால்தான் அது உண்மை. இந்த சிப்புகளுக்குள் ஒரு பாதுகாப்பு உண்டு. உள்சூடு ஏறக்குறைய 150 டிகிரியைத் தாண்டினால் தானே அணைந்து, ஆறியதும் தானே உயிர்பெறும். வீட்டில் இருக்கும் ஒரு கருவிக்கு இது நல்ல பாதுகாப்பு. ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒன்றுக்கு இந்தப் பாதுகாப்பே ஆபத்து.

பட்டறையில் நடந்தது

ஈஎஸ்சி, ரிசீவர், சர்வோ எல்லாம் பிழைத்திருந்தன. வளைந்த குழாயும் அப்படியே இருந்தது. பிராப்பைக் கழற்றிவிட்டு, ரிசீவரின் காலி சேனலில் மல்டிமீட்டர், பெக் ஒயரில் வாட்மீட்டர் மாட்டி, வேறொரு பேட்டரியில் ஓட்டினோம்.

குச்சி தொடாதபோதே மொத்தம் 0.9 ஆம்ப் போய்க்கொண்டிருந்தது. அதில் எலிவேட்டர் சர்வோ மட்டும் 0.4. குழாயிலிருந்து கம்பியைக் கழற்றியதும் அந்தச் சர்வோவின் இழுப்பு மீட்டரில் தெரியாத அளவுக்கு இறங்கி, முனகலும் நின்றது. மாசியிலிருந்து அது பறக்காதபோதும் பாரம் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறது. மீதி அரை ஆம்ப் ஏலிரான் (இறக்கை மடிப்பு) கீல்களின் இறுக்கம். நான்கு சர்வோவையும் ஆட்டினால் 1.4, 1.5.

முதல் சோதனை ஏமாற்றம். கடை ஃபேனுக்குக் கீழே பன்னிரண்டு நிமிடம் ஆட்டியும் 4.9 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பெக் நல்லாத்தான் இருக்கிறது, அந்தப் பிளக்தான் காரணம் என்று முடிவுகட்டக் கிளம்பிவிட்டோம். அண்ணன்தான் தடுத்தார். "வயல்ல இருந்த மாதிரியா வச்சிருக்கோம்? மூடி எங்க, வெயில் எங்க, டேப் எங்க?"

எல்லாவற்றையும் உடைந்த உடம்புக்குள் அதே இடத்தில் வைத்து, மூடியைப் போட்டு, துவாரத்துக்குப் புது டேப் ஒட்டி, பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்தோம். ஒருவர் குச்சியை ஆட்ட, ஒருவர் மீட்டரைப் படிக்க, நான் எழுதினேன். மூன்றாவது நிமிடம் 4.9. ஐந்தாவது நிமிடம் 4.7. ஆறாவது நிமிடம் தாண்டியதும் 4.5, அடுத்த நொடி மீட்டர் ஒன்றுமில்லை. சர்வோ எல்லாம் அப்படியே நின்றன, ரிசீவர் விளக்கு அணைந்தது. மூன்று நொடி ஆகியிருக்கும். மூடிக்குள்ளிருந்து மோட்டார் இழுத்துப் பாடியது. அண்ணன் திராட்டிலைப் பாதியில் வைத்திருந்ததால் உடனே படபட ஆரம்பித்தது.

மாடியில் யாரும் பேசவில்லை. ஆயா சொன்ன அதே வரிசை.

ஆறவிட்டு மறுபடி செய்தோம், மறுபடி விழுந்தது. டேப்பை உரித்து, மேசை ஃபேனை முன்னால் வைத்து, அதே வெயிலில் பதினைந்து நிமிடம் ஓட்டினோம், விழவில்லை. டேப் இருக்க, புஷ்ராட்டை மட்டும் தளர்த்தி ஓட்டினோம், ஒன்பதாவது நிமிடத்தில் விழுந்தது. மோட்டாருக்குப் பிராப்பின் பாரம் இல்லாமலே இவ்வளவு சூடு. பறக்கும்போது மோட்டாருக்கான பகுதியும் பக்கத்திலேயே சூடேறும், அன்று மூன்றரை நிமிடத்திலேயே விழுந்ததற்கு அதுவும், அதற்கு முந்தைய மூன்று பறத்தலின் மிச்சச் சூடும் போதும். காலை ஏழு மணிக்கு இதே விமானம் எத்தனையோ முறை பத்திரமாக இறங்கியதும் இதனால்தான். பொழுது ஏறாமல் இருந்திருந்தால் இந்தக் குறை இன்னும் ஒரு வருஷம்கூட ஒளிந்திருந்திருக்கும்.

வலிக்கும் விஷயம் ஒன்றையும் சொல்லவேண்டும். எங்கள் ரிசீவர் தன் வோல்ட்டை ரிமோட் திரைக்குத் திருப்பி அனுப்பும் வகை. 5.0 மெல்ல 4.6 ஆனது திரையில் தெரிந்துகொண்டேதான் இருந்திருக்கும். பறக்கவிடும்போது யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் கூடாது. ஒலி எச்சரிக்கை வைக்க ஒரு நிமிடம் ஆகும். யாரும் வைக்கவில்லை.

மாற்றியவை

ஈஎஸ்சியின் பெக்கைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டோம். தனியாக ஒரு ஸ்விட்ச்சிங் பெக், 5 வோல்ட் 3 ஆம்ப். இது வேண்டாததை எரிக்காமல் வெட்டி வெட்டிக் கொடுப்பதால் அதே வேலைக்கு வெப்பம் ஒரு வாட் அளவுதான். இதை மாட்டும்போது ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்குப் போகும் மூன்று ஒயரில் நடுவிலிருக்கும் சிவப்பை மட்டும் உருவி, டேப் சுற்றி மடக்கிவிட வேண்டும். இரண்டு பெக்கும் ஒரே ரிசீவருக்குள் மோதக்கூடாது. ரிசீவரில் பெரிய கெப்பாசிட்டர் போட்டால் போதுமே என்று ஒருவர் கேட்டார். கணநேரத் தாழ்வுக்கு அது உதவும், மூன்று நொடி அணைந்து கிடப்பதற்கு உதவாது.

டேப் போன இடத்தில் இப்போது கொசுவலைத் துண்டு. சுனை வலையில் நிற்கும், காற்று உள்ளே போகும். ஒவ்வொரு வாரமும் கழற்றி அலசுகிறோம். வாலுக்குப் பக்கத்தில் காற்று வெளியேற, உள்ளே வரும் துவாரத்தைப் போல இரண்டு மடங்கு ஓட்டை போட்டோம். வெளியே போக வழியில்லாவிட்டால் உள்ளே வரும் துவாரத்தால் பயனில்லை. புஷ்ராட் குழாயைப் புதிதாக நேராகப் போட்டோம். எறிவதற்கு முன் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எல்லாரும் பேச்சை நிறுத்த, விமானத்தைக் காதருகே பிடித்துக் கேட்பது. முனகினால் அன்றைக்கு அது தரையில்தான். எச்சரிக்கை 4.7 வோல்ட்டில்.

பெக் மாற்றிய பிறகு அதே மாடியில், அதே வெயிலில், வேண்டுமென்றே டேப் ஒட்டி இருபது நிமிடம் ஓட்டினோம். மீட்டர் 5.0-ஐ விட்டு நகரவில்லை. அதன்பின்தான் வயலுக்குக் கொண்டுபோனோம். முதல் பறத்தலுக்கு ரிமோட்டை அந்தக் கல்லூரித் தம்பியிடமே கொடுத்தோம். உளுந்து வயல்காரர் மிதிபட்ட செடிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பேரன்கள் இரண்டு பேரும் ஞாயிறு காலையில் எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறார்கள்.

கடைசியாகப் பழைய நோட்டை எடுத்தோம். "சிக்னல்" என்று எழுதிய மூன்று விபத்தில் இரண்டின் ஈஎஸ்சி பெட்டியில் கிடந்தன. ஒன்றின் உறை அதே பக்கம் பழுப்பு. மாடியில் வைத்தபோது ஐந்தாவது நிமிடம் அணைந்து பாடியது. மற்றொன்று எவ்வளவு ஆட்டியும் அணையவில்லை. மூன்றாவது எங்கே என்று யாருக்கும் நினைவில்லை. நோட்டில் முதலாவதின் எதிரே "பெக் சூடு" என்று எழுதினேன். மற்ற இரண்டின் எதிரேயும் "சிக்னல்" என்பதை அடித்துவிட்டு "காரணம் தெரியாது" என்று எழுதித் தேதி போட்டேன்.